முதல் பந்தி

நவம்பர் முதல் தேதி, நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் இருக்க
ஒரு விண்ணப்பம் வந்து விழும்.
பிறகு பன்னிரண்டு. பிறகு நான் எண்ணுவதில்லை.
வெர்மான்ட் மலைமேல் இந்தச் சின்னக் கல்லூரியில்
யார் உள்ளே, யார் வெளியே என்று படித்துச் சொல்வது என் வேலை.

கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்
ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்.
மழைக்கோட்டு நனைந்த அப்பாக்கள் கேட்பார்கள்,
பிள்ளைகள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்:
சீக்கிரம் போட்டால் கிடைக்குமா?

நான் கணக்கைச் சொல்வேன்.
நவம்பரில் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு.
ஜனவரியில், ஒன்பதில் ஒருவருக்கு.
முகங்கள் தெளியும்.
சொல்லாமல் விழுங்குவது இது:
அந்த நவம்பர்க் கூட்டத்தில் ஒருவனுக்குத்
துடுப்புப் பயிற்சியாளர் ஆகஸ்டிலேயே கைகொடுத்துவிட்டார்.
ஒருத்தியின் குடும்பப் பெயரைப்
பித்தளையில் பொறித்த படிக்கட்டில்தான்
தினமும் நூலகத்துக்கு ஏறுகிறேன்.
முந்தியதால் இடமா, இடம் இருந்ததால் முந்தினார்களா,
கணக்குக்குத் தெரியாது.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
இங்கே பந்திதான் படை.

இன்னொன்றும் உண்டு, வெட்கமாக இருக்கிறது.
நவம்பரில் நான் நல்லவள்.
டீ ஆறும்வரை ஒரு கட்டுரையை இரண்டு முறை படிப்பேன்.
பிப்ரவரியில் ஜன்னல்வரை பனி,
பக்கத்து அறையில் லோர்ன் ஹாஸ்கெட்டின் இருமல்,
முப்பதாவது முழங்கால் உடைகிறது,
முப்பதாவது பையன் அதிலிருந்து விடாமுயற்சி கற்றுக்கொள்கிறான்.
என் கண் வரிகளின்மேல் நடக்கும். உள்ளே இறங்காது.

அப்படி ஒரு பிப்ரவரியில் வந்தவள் ஒடில் மிஷோ.
மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
அங்கே உருளைக்கிழங்கு அறுவடைக்கென்று
மூன்று வாரம் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம்.
ஓடும் பட்டையின் பக்கத்தில் நின்று
கிழங்கிலிருந்து கல்லைப் பொறுக்குவது அவள் வேலை.
சேறு பூசினால் இரண்டும் ஒரே நிறம், எழுதியிருந்தாள்,
கண்ணை நம்பக் கூடாது,
கல் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்திருக்கும்,
கையுறையைக் கழற்றினால்தான் தெரியும்.

'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் இரண்டு வரி:
முன்பே போட ஆசைதான். முன்பே போட்டால்
கிடைத்ததும் வருவேன் என்று கையெழுத்திட வேண்டும்.
என் அப்பா விலை கேட்காமல் டிராக்டர் டயர்கூட வாங்கியதில்லை.

நான்கைந்து கடிதங்களைச் சமையலறை மேசையில் பரப்பி
எது குறைவு என்று பார்க்க வேண்டிய வீடு அது.
பார்ப்பதற்கு ஏப்ரல் வரை ஆகும்.
அதற்குள் எங்கள் இலைகளில் பாதிக்குமேல்
ஆள் உட்கார்ந்து கையலம்பியாயிற்று.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தோம்.
மே மாதம் ஒரு வரியில் விலகிக்கொண்டாள், நன்றி என்று.
எங்கே போனாள் என்று எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்?

கோடையில் ஏதோ தேடும்போது
அவள் விண்ணப்பத்தில் என் குறிப்பைப் பார்த்தேன்:
'நன்றாக எழுதுகிறாள், ஆனால்'
அவ்வளவுதான்.
ஆனாலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.
தொலைபேசி அடித்திருக்கலாம்.
மணி ஐந்தாகியிருக்கலாம்.
எவ்வளவு யோசித்தும்
அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இந்த அக்டோபர் தொடக்கத்தில் ஒருவர் கேட்டார்,
நல்ல கோட்டு, உயரமான மகன்.
சீக்கிரம் போட்டால் கிடைக்குமா?
நான் கணக்கைச் சொல்லவில்லை.
நீங்கள் விலை பார்க்க வேண்டியிருக்குமா, என்றேன்.
சிரித்தார். இல்லை, என்றார்.
அப்படியானால் சீக்கிரம் போடுங்கள்.

அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.
பையன் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
மேப்பிள் மரங்கள் பற்றி எரிந்துகொண்டிருந்தன.
வடக்கே அந்த வாரம்
பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன.